கவுண்ட்டர் நேரம் வேறு, ஊழியர் நேரம் வேறு

கேள்வி: நகராட்சி மன்றத்துக்கு முதல் முறையாகத் தேர்வாகியிருக்கிறேன். வரி கட்டவும் பிறப்புச் சான்றிதழ் வாங்கவும் வேலைக்கு லீவு போட வேண்டியிருக்கிறது என்று மக்கள் சலித்துக்கொள்கிறார்கள். அதனால் எல்லா ஊழியர்களுக்கும் காலை 9 முதல் மாலை 6 வரை, வாரம் 6 நாள் என்று ஒரே நேரமாகத் தீர்மானம் கொண்டுவர நினைக்கிறேன். ஊழியர் சங்கமோ இப்போதுள்ள நேரத்தில் கை வைக்கவே கூடாது என்கிறது. யார் சொல்வது சரி?
– பெயர் வெளியிட விரும்பாத உறுப்பினர்

பதில்: மக்களின் குறை நியாயமானதுதான். ஆனால் உங்கள் தீர்மானத்தால் அது தீராது. காலை 9 மணிக்கு வேலைக்குப் போய் 6 மணிக்கு வெளியே வருகிறவருக்கு, அதே 9 முதல் 6 வரை திறந்திருக்கும் அலுவலகத்தால் என்ன லாபம்?

முதலில், நேரத்தை மாற்றும் அதிகாரம் உங்கள் மன்றத்துக்கு இருக்கிறதா என்று ஆணையரிடம் கேளுங்கள். பல இடங்களில் மேலே உள்ள அரசின் பணி விதிகளே வேலை நேரத்தைச் சொல்லிவிடும். அப்படியானால் யார் எந்த நாளில் எப்போது உட்காருவது என்ற பட்டியலை மட்டும்தான் நீங்கள் தொட முடியும். பெரும்பாலும் அதுவே போதும்.

ஏனென்றால் உங்களுக்கு வேண்டியது கவுண்ட்டர் அதிக நேரம் திறந்திருப்பது. அதற்காக ஒவ்வொரு ஊழியரும் அதிக நேரம் உட்கார வேண்டியதில்லை. ஒரு குழு காலை 8 முதல் மாலை 4.30 வரை, இன்னொன்று 10.30 முதல் இரவு 7 வரை என்று வைத்துப் பாருங்கள். அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை போக ஒவ்வொருவருக்கும் 8 மணி நேரம்தான் வேலை. கவுண்ட்டரோ 11 மணி நேரம் திறந்திருக்கும். கூட்டம் மொய்க்கிற நடுப்பகலில் இரண்டு குழுவும் இருக்கும். எழுத்தர்கள் நாலைந்து பேர்தான் என்றால் இதைத் தினமும் செய்ய முடியாது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் தாமதமாகத் திறந்து தாமதமாக மூடுங்கள். பணம் வாங்குகிற கவுண்ட்டரை அரை மணி முன்னதாகவே மூட வேண்டியிருக்கும். கல்லாவை எண்ணிக் கணக்கு முடிப்பதும் வேலை நேரத்தில்தான் சேரும்.

இன்னொன்றையும் விசாரியுங்கள். மக்கள் குறை சொல்வது அலுவலக நேரத்தையா, 11 மணிக்குப் போனாலும் காலியாக இருக்கும் நாற்காலியையா? இரண்டாவது என்றால் நேரத்தை நீட்டி ஒரு பயனும் இல்லை. கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி சீட்டில் இருக்க வைப்பதுதான் உங்கள் வேலை.

'எல்லாருக்கும் ஒரே நேரம்' என்பதை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். தூய்மைப் பணியாளர் 9 மணிக்குக் குப்பை எடுக்க வந்தால் பாதி வீடு பூட்டியிருக்கும், தெருவில் வண்டிகள் நிரம்பியிருக்கும். அவர்களுக்கு விடியற்காலைதான் சரி. ஆனால் காலை 6 முதல் 11, மறுபடி பிற்பகல் 2 முதல் 5 என்று பிரித்துப் போடாதீர்கள். காகிதத்தில் அது 8 மணி நேரம். உண்மையில் அவருடைய நாளில் 11 மணி நேரம் போய்விடுகிறது. நடுவில் உள்ள 3 மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்கே சரியாக இருக்கும், அதற்குச் சம்பளமும் கிடையாது. பிற்பகலிலும் பெருக்கியாக வேண்டும் என்றால் அதற்கு வேறு ஆட்களைப் போடுங்கள்.

குடிநீர் பம்ப் ஆபரேட்டர், தெருவிளக்கு எலெக்ட்ரீஷியன் போன்றவர்கள் இரவில் போன் வந்தால் ஓடி வர வேண்டியவர்கள். அந்தக் காத்திருப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பெல்ஜியத்தின் நிவெல் நகரத் தீயணைப்பு வீரர் ஒருவர், அழைத்தால் 8 நிமிடத்தில் வந்து சேர வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு வீட்டில் காத்திருந்தார். அதுவும் வேலை நேரமே என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018-இல் சொன்னது. அந்தத் தீர்ப்பு உங்கள் ஊருக்குப் பொருந்தாமல் போகலாம். என்றாலும் இரவு முறை யாருக்கு, அதற்குப் படியா மாற்று விடுப்பா என்று எழுத்தில் வையுங்கள்.

சங்கத்துக்கு வருகிறேன். எதையும் தொடக்கூடாது என்பது வீம்பு. ஆனால் அவர்களுடைய பயத்தில் அர்த்தம் உண்டு. உங்கள் 9 முதல் 6-இல் ஒரு மணி நேரச் சாப்பாட்டு இடைவேளையைக் கழித்தாலும் வாரம் 48 மணி நேரம் வருகிறது. 1919-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் ஒப்பந்தத்தில் தொழிற்சாலைகளுக்கு வைத்த உச்ச வரம்பு அது. அந்த உச்சத்தையே நீங்கள் தொடக்கமாக வைக்கிறீர்கள்! பொதுத்துறை ஊழியர்களின் பணி நிலைமைகளை அவர்களுடைய பிரதிநிதிகளோடு பேசி முடிவு செய்யும் முறைகள் வேண்டும் என்று அதே அமைப்பின் 1978 ஒப்பந்தம் சொல்கிறது. தீர்மானத்துக்கு முன்னாலேயே கூப்பிட்டுப் பேசுங்கள்.

அப்புறம், ஒரேயடியாக மாற்றாதீர்கள். ஐஸ்லாந்தின் ரேக்யவிக் நகராட்சி சம்பளத்தைக் குறைக்காமல் வேலை நேரத்தைக் குறைத்துப் பார்த்தபோது முதலில் இரண்டே பணியிடங்களில்தான் தொடங்கியது. நீங்களும் வரி கவுண்ட்டரில் மட்டும் 3 மாதம் பாருங்கள். மாலை 5-க்கு மேல் எத்தனை டோக்கன் போகிறது என்று தினமும் குறிக்கச் சொல்லுங்கள். சோதனை முடியும் தேதியையும் தீர்மானத்திலேயே எழுதிவிட்டால் சங்கமும் கொஞ்சம் இறங்கி வரும்.