குழாய் இருக்கிறது, ஃபுளூரைடும் இருக்கிறது

அன்புள்ள ஐயா,

தருமபுரி மாவட்டக் குடிநீர் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நல்ல குடிநீர் கிடைக்காதவர்களின் விகிதத்தைப் பாதியாகக் குறைக்கும் உலக இலக்கு 2010-லேயே எட்டப்பட்டதாக ஐ.நா. அமைப்புகள் அறிவித்துவிட்டனவே? எங்கள் ஊரிலும் குழாய் இருக்கிறது. ஒகேனக்கல் தண்ணீர் குறையும் நாட்களில் மேல்நிலைத் தொட்டியில் போர்த் தண்ணீரைக் கலந்து விடுகிறார்கள். கொதிக்க வைத்துக் குடித்தால் போதாதா?

ஒரு வாசகர், பாலக்கோடு

அன்புள்ள நண்பருக்கு,

போதாது. கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து, அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளூரைடு என்ற உப்பு போகாது, நீர் ஆவியாகிக் குறையக் குறைய எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். கலப்பதும் நீங்கள் நினைக்கும் அளவுக்கு உதவாது. லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஃபுளூரைடு உள்ள போர்த் தண்ணீரை, அது அறவே இல்லாத நீருடன் சரிபாதியாகக் கலந்தாலும் 2 மில்லிகிராம் மிஞ்சும். இந்தியத் தர அளவு 1 மில்லிகிராம். வேறு நீரே கிடைக்காத இடத்தில் மட்டும் 1.5 வரை ஏற்கிறார்கள்.

நீங்கள் குறிப்பிடும் அறிவிப்பு 2012-இல் வந்தது. 'மேம்பட்ட' குடிநீர் ஆதாரம் உள்ளவர்களை எண்ணிப் போட்ட கணக்கு அது. அதில் 'மேம்பட்ட' என்ற சொல் நீர் எடுக்கப்படும் அமைப்பை மட்டுமே குறித்தது. குழாய், அடிபம்பு, மூடிய கிணறு ஆகியவற்றில் ஒன்று இருந்தால் போதும், உள்ளே வரும் நீரைச் சோதிக்க வேண்டியதில்லை. நம் மாவட்டத்தின் கருங்கல் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கி, ஃபுளூரைடைக் கரைத்துக்கொண்டு மேலே வரும் அடிபம்பு நீரும் அதனால் நல்ல நீராகவே எண்ணப்பட்டது. பென்னாகரம் பக்கம், பல்லில் படிந்த பழுப்புக் கறைக்காகச் சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களும் அந்த வெற்றிக் கணக்கில் இருந்தவர்கள்தாம் என்பதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. 2015-க்குப் பிறகு வந்த இலக்கு இதைத் திருத்தியது: நீர் வீட்டிலேயே, வேண்டும்போது கிடைக்க வேண்டும், மலக்கிருமிகளும், ஆர்சனிக், ஃபுளூரைடு போன்றவையும் வரம்பு மீறாதிருக்க வேண்டும்.

ஜப்பானியக் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2013-இல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளூரோசிஸ் (மிகை ஃபுளூரைடால் வரும் பல், எலும்பு நோய்) தணிப்பும் சேர்ந்திருக்கிறது. காவிரி நீரைப் போர்த் தண்ணீரோடு ஒரே தொட்டியில் கலப்பது அந்த நோக்கத்தையே கெடுப்பதாகும். போர்த் தண்ணீரைத் துணி துவைக்கத் தனித் தொட்டியில் விடலாமே என்று கிராம சபையில் கேளுங்கள். தொட்டி நீரின் பரிசோதனை முடிவையும் கேட்டு வாங்குங்கள். நிலைப்பற்கள் உருவாகும் எட்டு வயது வரையில்தான் பற்கறை பிடிக்கும், பிடித்தபின் தானாக மறையாது. எனவே வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால், கலக்காத ஆற்றுநீர் வரும் நாளில் குடிக்கவும் சோறு பொங்கவும் வேண்டியதை மூடியுள்ள குடங்களில் தனியாகப் பிடித்து வையுங்கள்.