வாசகர் கேள்வி-பதில்: மோசேக்கு ஏன் கொம்பு?

கேள்வி: தோட்டத்துத் தேவாலயத்தின் பழைய அலமாரியில், சட்டம் போட்ட படம் ஒன்று கிடைத்தது. மோசே கற்பலகைகளோடு நிற்கிறார். தலையில் இரண்டு கொம்பு! கீழே ஜெர்மன் எழுத்து. அசல் மர அச்சா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கொம்பைக் கண்டு கலங்காதீர்கள். யாத்திராகமம் 34இல் மோசேயின் முகம் பிரகாசித்ததைச் சொல்லும் எபிரேயச் சொல்லுக்கும் கொம்புக்கும் வேர் ஒன்று. ஜெரோமின் லத்தீன் மொழிபெயர்ப்பு அதைக் 'கொம்பு' என்றே கொண்டது. ஓவியர்களும் அப்படியே வரைந்தார்கள்.

தாளைச் சட்டத்திலிருந்து எடுத்து, 10 மடங்கு பூதக்கண்ணாடியில் பாருங்கள். வண்ணம் பொடிப்பொடிப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது பிற்கால இயந்திர அச்சு நகல், சந்தேகமே வேண்டாம். மரக்கட்டையில் செதுக்கி, மை தடவி எடுக்கும் மர அச்சில் கோடு மட்டுமே அச்சாகும். அழுத்தத்தில் மை ஓரத்துக்கு ஒதுங்குவதால் கோட்டின் விளிம்பு கருத்திருக்கும். வண்ணம் பிறகு கையால் பூசுவது, ஆகவே கோட்டைத் தாண்டி வழியும். கோட்டில் வட்டமான வெள்ளைப் பொட்டு இருந்து, அந்த இடத்தில் தாள் முழுசாக இருந்தால் பூச்சி அரித்தது கட்டையை. தாளிலேயே ஓட்டை என்றால் தாளை. வெளிச்சத்தில் பிடித்தால், கையால் தாள் செய்த கம்பி வலையின் வரிகளும் தெரிய வேண்டும். நல்ல நகல்கள் இதில் ஒன்றிரண்டைக் காட்டிவிடும். எல்லாம் சேர்ந்து பொருந்துகிறதா என்று பாருங்கள்.

படத்தை மட்டும் வைத்து, அது எந்த நூலின் தாள் என்று முடிவுசெய்யாதீர்கள். 1478 வாக்கில் ஜெர்மனியின் கொலோன் நகரில் அச்சான பைபிளுக்குச் செதுக்கிய கட்டைகளையே 1483இல் நியூரம்பர்க் நகரில் அச்சகர் அந்தோன் கோபர்கர் தம் பைபிளுக்கு மறுபடி பயன்படுத்தினார். முன்னதன் மொழி வட ஜெர்மனியின் வழக்கான கீழ் ஜெர்மன், பின்னதன் மொழி தெற்கு வழக்கான மேல் ஜெர்மன். அதனால் எழுத்தையும் தெளிவாகப் படமெடுத்து வையுங்கள்.

தாள் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் இழுக்கவே கூடாது. நம் ஊர் ஈரத்தில் மையும் கண்ணாடியோடு வந்துவிடும். தாள் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். செலோடேப் வேண்டாம்.

கேள்வி: ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு ரப்பர் மரப் பலகையில் இப்படி மர அச்சு செதுக்கிக் காட்டலாமா?
- வாசகர், அதே ஊர்

பதில்: செதுக்கலாம். ஆனால் பழைய ஜெர்மன் செதுக்கர்கள் விரும்பிய பேரி மரம் நுண்ணிழை. ரப்பர் மரத்தின் துளைகள் கறுப்புப் பரப்பில் வெள்ளைக் கீறலாகத் தெரியும். கோட்டை 2 மில்லிமீட்டருக்குக் குறைக்காதீர்கள், இழைக்குக் குறுக்கே போகும் கோடு உதிரும். கத்தியைச் சாய்த்து, கோட்டின் அடி அகலமாக இருக்கும்படி வெட்டுங்கள். எழுத்தை இடம்வலம் மாற்றி வரையுங்கள். மையை மெல்லிசாக உருட்டி, தாளின் முதுகைக் கரண்டியால் தேயுங்கள். மை அதிகமானால் பள்ளம் அடைத்து முகமே அழியும்.