இன்னும் நடக்கவில்லையே? ஒரு பிசியோதெரபிஸ்ட்டின் பதில்கள்

வளர்ச்சித் தாமதம் உள்ள சிறு குழந்தைகளின் நடை பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். குழந்தையைப் பார்க்காமல் சொல்வதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த இடம் வரும்போது ‘நேரில் காட்டுங்கள்’ என்று சொல்லிவிடுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: பையனுக்கு ஒன்றேகால் வயது. பிடித்துக்கொண்டு நிற்கிறான், தனியாக நடக்கவில்லை. “அவன் அப்பாவே ரெண்டு வயசுலதான் நடந்தான், விடு” என்கிறார் மாமியார். விடலாமா மேடம்?

இப்போதைக்கு விடலாம். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான குழந்தைகள் தனியாக நடக்கத் தொடங்கிய வயது சுமார் 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை இருந்தது. குறைமாதத்தில் பிறந்தவன் என்றால் கணக்கே வேறு. 8 வாரம் முன்னால் பிறந்திருந்தால், வயதில் 2 மாதத்தைக் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் 18 மாதம் தாண்டினால் மாமியார் பேச்சைக் கேட்காதீர்கள். சில குடும்பங்களில் தாமதமாக நடப்பது உண்மைதான். தவழாமல், உட்கார்ந்தபடியே தேய்த்துத் தேய்த்து நகரும் குழந்தைகளும் தாமதமாகத்தான் நடக்கத் தொடங்குவார்கள். அது அந்த வகைதானா என்பதை மருத்துவர் சொல்லட்டும். பையனாக இருந்தால் சிபிகே என்ற ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். தசைச் சிதைவு நோய் இருந்தால் அதில் துப்புக் கிடைக்கும். தரையிலிருந்து எழும்போது தன் தொடையிலேயே கையை ஊன்றி ஊன்றி எழுந்தால் கட்டாயம் கேளுங்கள். ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்தினாலோ, வந்த திறமை ஒன்று போய்விட்டாலோ, 18 மாதம் வரை காத்திருக்கவே கூடாது.

கேள்வி: உட்கார வைத்து ஓட்டும் வாக்கர் வாங்கினால் சீக்கிரம் நடப்பாளா?

மாட்டாள். கனடாவில் 2004 முதல் அந்த வாக்கரை விற்கவே தடை. படியில் உருண்டு தலையில் அடிபடுவது முதல் காரணம். அதில் தொங்கிக்கொண்டு நுனிக்காலால் உந்தும் குழந்தைக்கு, எடையைப் பாதத்தில் தாங்கும் வேலையே இல்லை. ஏற்கெனவே நுனிக்காலில் நிற்கும் பழக்கம் உள்ள குழந்தைக்கு இன்னும் மோசம்.

நம்மூர் மர நடைவண்டி எவ்வளவோ மேல். அதில் குழந்தை தானே நிற்க வேண்டும், தானே தள்ள வேண்டும். வண்டி முன்னால் ஓடிவிடுகிறதா? இரண்டு கிலோ அரிசிப் பையை அதன் மேல் கட்டுங்கள், நின்று நிதானமாக நகரும். ரொம்பவும் முன்னால் குனிந்து தள்ளுகிற குழந்தைக்கு மட்டும் அது சரிப்படாது. அவர்களுக்கு முதுகுப் பக்கம் சட்டம் வரும் ரிவர்ஸ் வாக்கர் உண்டு. பின்னால் இழுத்துக்கொண்டு நடப்பதால் உடம்பு நிமிரும்.

கேள்வி: பேரனுக்குக் கால் பலமில்லை. கடற்கரை மணலில் குழி தோண்டி இடுப்பு வரை புதைத்து நிற்க வைத்தால் பலம் வரும் என்கிறார்கள். செய்யலாமா?

வேண்டாம் ஐயா. மணல்தான் அவனைத் தாங்கி நிற்கிறது, அவன் கால் எந்த வேலையும் செய்வதில்லை. அதே மணலில் கையைப் பிடித்து நடக்க வையுங்கள், அது நல்ல பயிற்சி. எண்ணெய் தேய்ப்பதில் தப்பில்லை, மூட்டை நீவி இழுக்காத வரைக்கும். ஆனால் எண்ணெயால் பலம் வராது.

கேள்வி: மகளுக்கு டவுன் சிண்ட்ரோம், வயது 2. எப்போது நடப்பாள்?

இந்தக் குழந்தைகள் சராசரியாக 2 வயதை ஒட்டித்தான் நடக்கிறார்கள். மூன்று தாண்டுபவர்களும் உண்டு. கிட்டத்தட்ட எல்லோருமே நடந்துவிடுகிறார்கள் என்பதால், ‘நடப்பாளா’ என்று கேட்காமல் ‘எப்போது’ என்று கேட்டிருக்கிறீர்களே, அதுவே சரி.

தசை தளர்வு, மூட்டு நெகிழ்வு இரண்டும் சேர்ந்து பாதம் உள்பக்கமாகச் சரியும். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேல்வரை வரும் சின்ன ஸ்பிளின்ட் (பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை) சிலருக்கு நல்ல பிடிமானம் தரும். 2001-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பெற்றோர் குழந்தையைத் தாங்கிப் பிடித்து, மெதுவாக ஓடும் சின்ன டிரெட்மில்லில் தினம் 8 நிமிடம், வாரம் 5 நாள் காலடி வைக்கப் பழக்கினார்கள். அந்தப் பயிற்சி இல்லாத குழந்தைகளைவிட இந்தக் குழந்தைகள் சுமார் 100 நாள் முன்னதாக நடந்தார்கள். டிரெட்மில் வாங்கச் சொல்லவில்லை. தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் காலடி வைத்தால் போதும் என்பதற்காகச் சொல்கிறேன்.

குட்டிக்கரணம் மட்டும் வேண்டாம், கழுத்தெலும்பு மூட்டு சிலருக்குத் தளர்வாக இருக்கும். நன்றாக நடந்துகொண்டிருந்தவள் திடீரென்று தடுமாறினால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: இரண்டரை வயது மகனுக்கு சிபி (பெருமூளை வாதம்). டாக்டர் ‘லெவல் 3’ என்று எழுதியிருக்கிறார். நடப்பானா?

சிபி குழந்தைகளின் இயக்கத்தை 5 நிலைகளாகப் பிரிக்கும் முறை 1997 முதல் உலகம் முழுக்கப் புழங்குகிறது. மூன்றாம் நிலை என்றால் வாக்கர் போன்ற ஒன்றைக் கையில் பிடித்து நடப்பார்கள், தூரத்துக்குச் சக்கர நாற்காலி. 2 வயதுக்குள் தானாக உட்கார்ந்திருந்தால் நம்பிக்கை கூடும். இவ்வளவு சின்ன வயதில் போட்ட நிலை மாறவும் செய்யும், பிறகு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது இடுப்பு. இந்தக் குழந்தைகளுக்கு வலியே இல்லாமல் இடுப்பு மூட்டு மெல்ல நழுவும். நிலை கூடக் கூட ஆபத்தும் கூடும். ‘இடுப்பு எக்ஸ்ரே எப்போது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை?’ என்று நீங்களே கேளுங்கள். யாரும் கேட்காவிட்டால் யாரும் எடுப்பதில்லை, அதுதான் என் அனுபவம்.

கேள்வி: ஸ்பிளின்ட்டைப் போட்டாலே அலறுகிறாள். விட்டுவிடட்டுமா?

முதலில் எப்படிப் போடுகிறீர்கள் என்று பார்ப்போம். காலை நீட்டிவைத்து மாட்டினால் கெண்டைச்சதை இறுகி, குதிகால் உள்ளே உட்காராது. மடியில் உட்கார வைத்து முழங்காலை மடக்குங்கள். குதிகால் பின்னால் போய்ப் படிந்ததும் முதலில் கணுக்கால் பட்டையை இறுக்குங்கள், மற்றதெல்லாம் அப்புறம். உள்ளே தையல் உறுத்தாத, முழங்கால் வரை வரும் பருத்தி சாக்ஸ், சுருக்கம் இல்லாமல். ஷூ ஓர் அளவு பெரிதாக.

முதல் நாள் அரை மணி நேரம் போதும். கழற்றியதும் சிவப்புத் தடம் தெரியும். அரை மணி நேரத்துக்குள் மறைந்தால் பரவாயில்லை. மறையாவிட்டால் அழுகைக்குக் காரணம் அடம் இல்லை. செய்து கொடுத்தவரிடமே எடுத்துப் போங்கள், சூடாக்கி அந்த இடத்தைச் சரிசெய்வார். வளரும் கால் என்பதால் வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டிவரும்.

கேள்வி: இப்போதே சக்கர நாற்காலி கொடுத்தால் நடக்கும் முயற்சியையே விட்டுவிடுவானே அக்கா?

எல்லோருக்கும் இருக்கும் பயம்தான். ஆனால் அப்படி நடப்பதில்லை. மூன்று வயதுப் பையன் பந்து போன இடத்துக்குத் தானே போக வேண்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடினால் பின்னாலேயே போக வேண்டும். அம்மா தூக்கும் வரை காத்திருக்கும் குழந்தைக்குப் பார்ப்பது, கேட்பது, கூட விளையாடுவது எல்லாமே தள்ளிப்போகிறது. காலை பயிற்சி நேரத்தில் வாக்கர், மாலை தெருவில் சக்கர நாற்காலி, இரண்டும் ஒரே வீட்டில் இருக்கலாம். அளவு மட்டும் முக்கியம். பெரியவர்கள் நாற்காலியில் தலையணை வைத்து உட்கார வைத்தால் முதுகு கோணும்.

கேள்வி: வாரம் மூன்று நாள் தெரபிக்குக் கட்டுப்படியாகவில்லை. வேறு வழி?

மாவட்டத்தில் டிஇஐசி எனப்படும் ஆரம்பகால இடையீட்டு மையம் எங்கே என்று அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். 18 வயது வரை பரிசோதனையும் தெரபியும் இலவசம். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள், உபகரண உதவிக்கு அதைத்தான் கேட்பார்கள். சிபி, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு ‘நிராமயா’ காப்பீடு உண்டு. ஆண்டுக்கு 1 லட்சம் வரை, தெரபிச் செலவும் சேர்த்தி.

தெரபிஸ்ட்டிடம் போகும்போது வீட்டில் செய்ய இரண்டே இரண்டு பயிற்சி கேட்டு, போனில் வீடியோ எடுத்துவாருங்கள். பத்துப் பயிற்சி எழுதிய தாள் பெரும்பாலும் பிரிட்ஜ் கதவில் ஒட்டியபடியே இருந்துவிடுகிறது.