ஆன்டிவைரஸ் சந்தாவை மறுபடியும் கட்டலாமா?

கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் கணக்குகளைப் பார்ப்பதாகவும், கணினி நாளுக்கு நாள் மந்தமாவதாகவும், 'உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது' என்ற எச்சரிக்கை காலையும் மாலையும் வருவதாகவும் எழுதி, ஆன்டிவைரஸுக்கு மறுபடியும் ஆண்டுச் சந்தா கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்ட வேண்டாம். அது சொல்லும் ஆபத்து, பெரும்பாலும் சந்தா முடியப் போகும் ஆபத்துதான்.

குன்னூரில் கணினி பழுதுபார்க்கும் என்னிடம் இதே அலறலோடு வந்து சேரும் மடிக்கணினிகளுக்குக் குறைவில்லை. பச்சை இலை எடைக் கணக்குக்காக யாரோ மேக்ரோ எழுதிக் கொடுத்த எக்செல் கோப்பை வைரஸ் என்று பிடித்து அடைத்து வைத்திருக்கும் அதே மென்பொருள், போட்டோ ஸ்டுடியோவிலிருந்து பென் டிரைவில் ஏறி வந்து ஃபோல்டர்களையெல்லாம் ஷார்ட்கட்டாக மாற்றிய உண்மையான வைரஸைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கும். காட்டுமாட்டுக்குக் காவல் வைத்த ஆள், மாடு கேரட்டை மேயும்போது போர்வைக்குள் சுருண்டிருந்துவிட்டு, தோட்டக்காரர் வந்ததும் அவர் முகத்தில் டார்ச் அடிப்பதைப் போன்ற சேவை இது.

இந்தச் சேவை நம் மலைக்கு மட்டும் வாய்த்ததன்று. 2014-இல் 'வைரஸ் ஷீல்டு' என்ற ஆண்ட்ராய்டு செயலி 3.99 டாலருக்கு விற்றது. திரையில் இருந்த கேடயத்தைத் தட்டினால் அதன் மேலிருந்த பெருக்கல் குறி சரிக் குறியாக மாறும். அது செய்த வேலை அவ்வளவுதான். ஆயிரக்கணக்கானோர் வாங்கிய பிறகு குட்டு வெளிப்பட்டு, கூகுள் அதை நீக்கிப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. ஆயினும், கருவியைச் சிறிதும் மந்தமாக்காத பாதுகாப்பு மென்பொருள் என்ற வகையில் அதன் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

அதைவிடத் தேர்ந்த வேலை அமெரிக்காவின் ஆபீஸ் டிப்போ கடைகளில் நடந்தது. அங்கே இலவசமாகக் கணினியைச் சோதிக்கும் முன், மெதுவாக இயங்குகிறதா, வைரஸ் எச்சரிக்கை வருகிறதா என்பது போன்ற நான்கு கேள்விகளைக் கேட்பார்கள். அவற்றுள் ஒன்றுக்கேனும் 'ஆம்' என்று குறித்துவிட்டால், ஸ்கேன் எதைக் கண்டாலும் காணாவிட்டாலும், தீம்பொருளின் (வைரஸ் போன்ற கெடுதல் மென்பொருளின்) அறிகுறிகள் இருப்பதாக முடிவு வந்துவிடும். அதைக் காட்டி நூற்றுக்கணக்கான டாலருக்குப் பழுதுபார்க்கும் சேவைகளை விற்றார்கள். அந்நாட்டுக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், 2019-இல் ஆபீஸ் டிப்போ 2.5 கோடி டாலரும், மென்பொருளை வழங்கிய சப்போர்ட் டாட் காம் 1 கோடி டாலரும் செலுத்த ஒப்புக்கொண்டன. கணினி மெதுவாக இருக்கிறது என்று நீங்களே சொல்ல, அதையே நோயாகத் திருப்பிச் சொல்லிக் கட்டணம் வாங்கும் துணிச்சலை நினைத்துப் பாருங்கள்.

உண்மையாகவே வேலை செய்யும் மென்பொருளும் சில நேரம் அதிகமாக வேலை செய்துவிடும். 2010 ஏப்ரலில் மெக்காஃபி என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் வெளியிட்ட ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பு ஒன்றையே வைரஸ் என்று பிடித்ததால், ஏராளமான கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன.

2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், டிஃபென்டர் என்ற மைக்ரோசாஃப்டின் சொந்த ஆன்டிவைரஸ் விண்டோஸுடனேயே வருகிறது. அப்டேட்டுகளை ஒழுங்காகப் போட்டுக்கொள்ளும் சிறிய அலுவலகத்துக்கு அது போதும் என்பது என் கருத்து. மந்தத்துக்குக் காரணம் பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், சந்தாப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, அதற்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போடுங்கள். நான் பார்த்தவரை இங்கே வைரஸைவிட ஐப்பசி இடியும் மின்வெட்டும்தான் அதிகக் கணக்குகளை அழிக்கின்றன. ஆகவே ஒரு யுபிஎஸ்ஸும், பேக்கப் எடுத்தவுடன் கழற்றி வைக்கும் வெளி டிஸ்க்கும் அவசியம்.

பழைய மென்பொருளை நீக்கும்போது, 'நிச்சயமாகவா?' என்று அது பலமுறை கெஞ்சும், இரங்காதீர்கள். நீக்கியபின் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, டிஃபென்டர் தானாக இயங்கத் தொடங்கிவிட்டதா என்று பாருங்கள். பணம் தானாகக் கழியும் ஏற்பாட்டைச் செய்திருந்தால் அதை வங்கிச் செயலியில் தனியாக நிறுத்த வேண்டும். மென்பொருளை நீக்கினாலும் அது தானாக நிற்காது.