ஊருக்கு அனுப்பாதீர்கள், பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்

கேள்வி: பெருநகரம் ஒன்றில் கட்டுமானப் பணி மேற்பார்வையாளராக இருக்கிறேன். வெளியூரிலிருந்து வந்து எங்களிடம் வேலை செய்யும் 26 வயது இளைஞருக்கு முதுகிலும் கையிலும் வெளிறிய படைகள் இருக்கின்றன. அண்மையில் சூடான கம்பி பட்டு உள்ளங்கை வெந்தபோதும் அவருக்கு வலி தெரியவில்லை. தொழுநோய் என்று அஞ்சி, மற்றவர்கள் அவருடன் ஒரே கொட்டகையில் தங்க மறுக்கிறார்கள். கணக்கை முடித்து அவரை ஊருக்கு அனுப்பிவிடலாமா?

பதில்: தயவுசெய்து அனுப்பாதீர்கள். அப்படி அனுப்பப்படுபவர்களில் பலர் ஊருக்கே போவதில்லை. வேறொரு நகரத்தில், வேறொரு கொட்டகையில், நோயை மறைத்துக்கொண்டு வேலைக்குச் சேர்கிறார்கள். அடுத்த முறை மருத்துவரிடம் வரும்போது விரல்கள் மடங்கியிருக்கும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தொழுநோய்க்கான வாய்ப்பு வலுவாகவே இருக்கிறது. சாதாரணத் தேமலில் தொடு உணர்ச்சி குறைவதில்லை. தொழுநோய்ப் படையில் குறையும். அந்த இடம் வியர்க்காமல் வறண்டிருப்பதும் உண்டு. சூடு தெரியவில்லை என்பது நரம்பு ஏற்கெனவே பாதிக்கப்பட்டதன் அறிகுறி. ஆகவே இந்த வாரமே அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் தொடும் இடத்தை அவரே விரலால் காட்டும் சோதனைக்குச் சைகையே போதும். முழங்கையின் உட்புறம் ஓடும் நரம்பு தடித்திருக்கிறதா என்றும் மருத்துவர் தடவிப் பார்ப்பார்.

எம்.டி.டி. எனப்படும் கூட்டு மருந்துச் சிகிச்சை 1995 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் வழியாக இலவசமாகக் கிடைக்கிறது. படைகள் ஐந்து வரை இருந்தால் பொதுவாக 6 மாதம், அதற்கு மேல் இருந்தாலோ கிருமிகள் மிகுந்திருந்தாலோ 12 மாதம். ரிஃபாம்பிசின் உள்ளிட்ட மருந்தைத் தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் அபாயம் ஏறக்குறைய நீங்கிவிடும். அவரைத் தனிக் கொட்டகையில் வைக்கவோ தட்டு, டம்ளரைப் பிரிக்கவோ தேவையில்லை.

இடம்பெயரும் தொழிலாளர்களிடம் சிகிச்சை முறிவது பெரும்பாலும் நடுவில்தான். வேலை முடிந்து அடுத்த இடத்துக்குப் புறப்பட்டால், மீதி மாதங்களுக்கான மாத்திரை அட்டைகளையும் சிகிச்சைக் குறிப்பையும் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒரு மாதம் விட்டுப்போனால் எல்லாம் வீண் என்று கைவிட வேண்டாம்; 12 மாத மருந்தை 18 மாதங்களுக்குள் முடித்தாலும் போதும். சிறுநீர் சிவப்பாகும், தோல் கறுக்கும் என்பதை முன்பே சொல்லிவையுங்கள். இது தெரியாமல் பயந்து மாத்திரையை நிறுத்தியவர்கள் ஏராளம். இரண்டும் மருந்தின் விளைவுகள்தான், பிறகு மாறிவிடும்.

ஒன்றை மட்டும் அவசரமாகக் கருதுங்கள். சிகிச்சையின் நடுவிலோ முடிந்த பிறகோ படைகள் திடீரெனச் சிவந்து வீங்கலாம், முழங்கையில் வலி எடுக்கலாம், விரலில் வலு குறையலாம், கண் சிவக்கலாம். நோய் முற்றிவிட்டது என்று அவர் நினைப்பார். அது உடலின் எதிர்வினை. எம்.டி.டி.யை நிறுத்தாமல் உடனே மருத்துவரைப் பார்த்தால், ஸ்டீராய்டு மாத்திரையால் நரம்பைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. தள்ளிப்போட்டால் ஊனம் நிலைத்துவிடும்.

உள்ளங்கைப் புண் ஆறும்வரை சிமென்ட், கம்பி வேலை வேண்டாம். அதன் பிறகு கையுறையுடன் வேலை செய்யட்டும், கூலியைக் குறைக்காதீர்கள்.

கொட்டகையில் உள்ளவர்களையும் பரிசோதிக்க வேண்டும். கிருமி நுழைந்து அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் ஆகும் என்பதால், இவருக்கு உங்கள் கொட்டகையில் தொற்றியிருக்க வாய்ப்பு குறைவு. நோயில்லாதவர்களுக்கு ஒரே வேளை ரிஃபாம்பிசின் கொடுக்கும் தடுப்பு முறையும் இருக்கிறது. காசநோய் இல்லை என்று உறுதிசெய்த பிறகே அதைத் தருவார்கள். பகலில் எல்லோரும் சாரத்தின் மேல் இருப்பார்கள் என்பதால், சுகாதாரப் பணியாளர்களை மாலையிலோ விடுமுறை நாளிலோ வரச் சொல்லுங்கள். சட்டையைக் கழற்றிக் காட்ட ஒரு மறைவிடமும் ஏற்பாடு செய்யுங்கள். யாருக்காக இந்தப் பரிசோதனை என்பதை, அந்த இளைஞர் சம்மதித்தால் தவிர யாரிடமும் சொல்லாதீர்கள்.