ஓ.கே.யு. அட்டைக்குப் பதிந்தால் பிள்ளை ‘பாதுகாப்பு தேவைப்படும் சிறார்’ ஆகிவிடுமா?

கேள்வி: என் மூன்று வயது மகனுக்கு ஓ.கே.யு. அட்டை (மலேசியாவில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தரப்படும் அட்டை) எடுக்கும்படி மருத்துவர் சொல்கிறார். சமூகநல இலாகாவில் பெயரைப் பதிந்தால், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் சிறார் என்று அவனை வகைப்படுத்திவிடுவார்களா?

பதில்: மாட்டார்கள். ஆனால், இந்த அச்சம் எங்கள் வீட்டிலும் இருந்தது. பினாங்கு ஜெலுத்தோங்கில் வசிக்கும் என் அண்ணன், பேச்சு வராத மகனுக்காக விண்ணப்பப் பாரத்தை வாங்கி வந்த அன்றே, “வெல்ஃபேரில் பேர் கொடுத்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்” என்று அம்மா அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டார். ஆறு மாதம் அது அங்கேயே கிடந்தது.

அம்மா குழப்பிக்கொண்டது இரண்டு வேறு சட்டங்களை. பாதுகாப்பு தேவைப்படும் சிறார் யார் என்பதை 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 17ஆவது பிரிவு சொல்கிறது. அடி, பாலியல் கொடுமை, உணவும் உடையும் தராத புறக்கணிப்பு, பெற்றோர் கைவிட்டுப் போனது, பிச்சையெடுக்க விட்டது என்று அதில் வரும் காரணங்களைப் படித்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை பிள்ளையைப் பற்றியவை அல்ல, பிள்ளையைச் சுற்றியுள்ள பெரியவர்கள் செய்ததையும் செய்யத் தவறியதையும் பற்றியவை என்பது புரியும். உடற்குறையோ கற்றல் குறைபாடோ அந்தப் பட்டியலில் ஒரு காரணமாக இல்லை. (இணையத்தில் பிரிட்டன் பெற்றோர் எழுதுவதைப் படிப்பவர்கள் இங்கே தடுமாறுவது இயல்பு. இங்கிலாந்தின் 1989ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்திலும், தற்செயலாக, இதற்குரிய பிரிவின் எண் 17தான்; அங்கே உடற்குறையுள்ள பிள்ளை, உதவி தேவைப்படும் பிள்ளை என்ற வரையறைக்குள்ளேயே வந்துவிடுகிறது. நம் சட்டம் அப்படி எழுதப்படவில்லை.)

நம் சிறார் சட்டமும் பிள்ளையின் குறைபாடும் உரசிக்கொள்ளும் இடங்கள் உண்டு. சிகிச்சை தேவைப்படும் பிள்ளையைப் பெற்றோர் மருத்துவரிடம் காட்ட மறுத்தால் அது 17ஆவது பிரிவுக்குள் வரும். தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் நடத்தையைப் பெற்றோரால் கட்டுப்படுத்த இயலாமல் போவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கோபம் வந்தால் தன் கையையே கடித்துக்கொள்ளும் ஆட்டிசப் பிள்ளைகளைப் பார்த்திருக்கும் எனக்கு இந்த வரி உறுத்தலாகவே இருக்கிறது. எனினும், சிகிச்சைக்கு அலைந்துகொண்டிருக்கிறீர்கள் என்பதற்கு ஓ.கே.யு. பதிவே ஒரு சான்று என்பதால், இந்த இடத்தில் அது உங்களுக்குத் துணையாகத்தான் நிற்கும் என்பது என் கருத்து.

ஓ.கே.யு. பதிவு 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தைச் சார்ந்தது. விருப்பம் இருந்தால் மட்டும் செய்துகொள்வது. செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பலவகைக் குறைபாடு என்று 7 பிரிவுகள் உள்ளன. எந்தப் பிரிவு என்பதை மருத்துவர் பாரத்தில் உறுதிப்படுத்துவார். இவற்றுள் ‘கற்றல்’ என்பது மிகப் பெரிய கூடை: டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம், கவனக்குறைவும் மிகைத்துடிப்பும், டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புச் சிரமம், சிறு குழந்தைகளின் ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம் எல்லாம் அதற்குள்தான். அண்ணன் மகனுக்கு முதலில் வளர்ச்சித் தாமதம் என்றுதான் எழுதினார்கள். ஐந்து வயதில் அது ஆட்டிசம் என்று தெரிந்தது. மருத்துவர் சொன்ன பெயர் மாறினாலும் அட்டையில் உள்ள பிரிவு மாறவில்லை. ஆகவே, அட்டையில் ‘கற்றல்’ என்று இருப்பதைப் பார்த்து மகனுக்குப் படிப்பே வராது என்று யாரேனும் சொன்னால் பொருட்படுத்தாதீர்கள்.

பண உதவி இன்னொரு கணக்கு. சமூகநல இலாகாவின் சிறார் உதவித்தொகைக்குக் குடும்ப வருமானத்தைப் பார்ப்பார்கள். அட்டை இருப்பதாலேயே அது கிடைத்துவிடாது.

பள்ளிக்கூடம் என்று வரும்போது வகைப்பாடு கல்வி அமைச்சின் கைக்குப் போகிறது. 2013ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிமுறைகளின்படி அவர்கள் ‘சிறப்புத் தேவை மாணவர்’ என்று தனியே வரையறுத்து, பொருத்தமான வகுப்பு எது என்று பார்க்க மூன்று மாதத்துக்கு மேற்படாத சோதனைக் காலத்தில் பிள்ளையைச் சேர்ப்பார்கள். மாதம் 150 ரிங்கிட் சிறப்பு மாணவர் உதவித்தொகையும் இந்த வழியாகத்தான் வரும், சமூகநல இலாகா வழியாக அல்ல. அட்டை ஒன்றே போதும் என்று நம்பி, மருத்துவ அறிக்கையின் நகலைக்கூட எடுத்துக்கொள்ளாமல் பதிவு முகப்புக்குப் போன அண்ணி, அன்று வெறுங்கையோடு திரும்பி வந்தார். நீங்கள் போகும்போது அறிக்கையின் அசலையும் நான்கைந்து நகல்களையும் எடுத்துச் செல்லுங்கள்.