ஆளே இல்லாத தீவுகளைப் பாதுகாக்க எதற்குச் செலவு?

"மனிதர்களே வசிக்காத கடல்கடந்த தீவுகளில் இயற்கை தானாகவே நன்றாக இருக்குமே, பிறகு எதற்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நன்றாக இருக்காது. மனிதன் கிளம்பிவிடுவான், அவன் கப்பலில் வந்த எலி கிளம்பாது.

தென் அட்லாண்டிக்கில் பிரிட்டன் வசமுள்ள தெற்கு ஜார்ஜியாவையே பாருங்கள். நிரந்தரக் குடிகள் கிடையாது. ஆராய்ச்சியாளர்கள், சில அதிகாரிகள், அவ்வளவுதான். 1775இல் பிரிட்டிஷ் கடலோடி கேப்டன் குக் இறங்கிய பிறகு சீல் வேட்டைக்காரர்கள் வந்தார்கள், அப்புறம் திமிங்கில வேட்டைக்காரர்கள். 1960களில் தொழில் படுத்து எல்லோரும் போனார்கள். எலிகள் தங்கிவிட்டன. மரமே இல்லாத தீவு அது. பறவைகள் தரையிலோ வளையிலோதான் கூடு கட்ட வேண்டும். முட்டையும் குஞ்சும் எலிக்குத்தான் போயின. வேறெங்கும் இல்லாத தெற்கு ஜார்ஜியா பிபிட் என்ற சிறு பறவை (நம்மூர் நெட்டைக்காலியின் சொந்தம்) எலி எட்டாத சிறு தீவுகளிலும் ஒதுக்குப்புறங்களிலும்தான் பிழைத்தது.

சுமார் 165 கிலோமீட்டர் நீளத் தீவில் ஒரே மூச்சில் விஷம் வைக்க முடியாது. ஆனால் கடல்வரை இறங்கும் பனியாறுகள் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்திருந்தன. எலியால் அவற்றைக் கடக்க முடியாது. அதனால் பகுதி பகுதியாக ஒழிக்கலாம். சிக்கல் என்னவென்றால், பனியாறுகள் பின்வாங்கிக்கொண்டிருந்தன. தாமதித்தால் சுத்தம் செய்த பகுதிக்குள் பக்கத்து எலி நுழைந்துவிடும். 2011, 2013, 2015 என மூன்று கட்டமாக ஹெலிகாப்டரில் விஷத்தீனி தூவினார்கள். 2018இல் எலி இல்லாத தீவு என்று அறிவித்தார்கள். செலவு சுமார் 1 கோடி பவுண்டு. விஷத்தில் ஸ்குவா பறவைகளும் வாத்துகளும்கூடச் செத்தன. இருந்தாலும் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

எல்லா இடத்திலும் இப்படிப் பலிக்கவில்லை. பசிபிக்கின் ஹெண்டர்சன் தீவில் 2011இல் முயன்றார்கள், மிஞ்சிய சில எலிகள் மறுபடி பெருகின. அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையின் குஞ்சுகளைச் சுண்டெலிகள் உயிரோடு கொறிக்கும், தென் அட்லாண்டிக்கின் கஃப் தீவில் 2021இல் முயன்றார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் சுண்டெலி கண்ணில் பட்டுவிட்டது.

என் ஆதங்கம் வேறு. இந்தத் தீவுகளால் சுற்றிலும் 200 கடல்மைல் வரை கடல்வளத்தின் மீது உரிமை கிடைக்கிறது, தெற்கு ஜார்ஜியாவில் மீன்பிடி உரிமத்தில் வருமானமும் வருகிறது. ஆனால் எலி ஒழிப்புக்குப் பெரும்பகுதிப் பணம் திரட்டியது ஸ்காட்லாந்தின் டண்டீ நகரிலுள்ள ஓர் அறக்கட்டளை. உரிமை கொண்டாடும் அரசு அல்லவா முதலில் பணம் எடுத்து வைக்க வேண்டும்?

இப்போது அங்கே போகும் சுற்றுலாப் பயணிகளின் பூட்ஸ் அடியையும் வெல்க்ரோ பட்டையையும்கூட வெளியூர்ச் செடிகளின் விதை ஒட்டியிருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். மறுபடி ஹெலிகாப்டர் அனுப்பும் செலவோடு பார்த்தால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை.